இடது தோள் சட்டை

அத்தியாயம் ஒன்பது

சனிக்கிழமை காலை மூடுபனி இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பனி இறங்கினால் பறக்கவிட்டுச் சுடுகிற தட்டு கண்ணுக்குத் தெரியாது, துப்பாக்கி வகுப்பு ரத்தாகும். நீவெஸ் வீட்டிலேயே கிடந்திருப்பாள். எதுவும் வெளியே வந்திருக்காது.

ஆனால் வடக்குக் காற்று வீசியது. மேட்டிலிருந்து கடல் வரைக்கும் கழுவி விட்ட மாதிரி தெளிவு.

மூன்று வாரத்துக்கு முன்னால், இதே சுடும் மைதானத்தில், அவள் கணவன் மொரேனோவின் கையிலிருந்த துப்பாக்கி வெடித்தது. வலது கையில் இரண்டு விரல் போயிற்று. மூன்றாவது விரல் இருக்கிறது, மடங்காது. மொரேனோ கேக் கடையில் மாவு பிசைகிறவன். இனி பிசைய மாட்டான்.

குழல் கிழிந்த இடம், தோட்டா உட்கார்கிற அறைக்குச் சற்று முன்னால். அதே இடத்தை முந்தின வாரம்தான் நீவெஸின் தம்பி துல்லியோ தன் பட்டறையில் வைத்துக் கடைந்து கொடுத்திருந்தான். பாதிப் படிப்போடு நின்றவன், பீங்கான் ஆலையின் இரவு வேலையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் துப்பாக்கி பழுது பார்க்க உட்கார்ந்தவன். ஊருக்கு அது போதும். குழலைச் சுரண்டி மெலிய வைத்துவிட்டான் என்று ஊர் தீர்மானித்தது.

அப்பா எவாரிஸ்தோவும் அப்படித்தான் தீர்மானித்தார். மைதானம் அவருடையது. மகனை அன்றே வீட்டைவிட்டு அனுப்பினார். விரலிழந்த மருமகனிடம், "இந்த மைதானம் இனி உன் பேர்ல" என்றார். நோட்டரியிடமும் சொல்லிவிட்டார். ஊர் அவரைப் பெரிய மனிதர் என்றது.

நீவெஸ் தன் பங்குக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் தம்பியைப் பார்த்து ஒன்று சொன்னாள்: "என் புருஷன் கையை நீ தின்னுட்டடா." அதை எந்தத் தண்ணீரிலும் கழுவ முடியாது.

இன்று மாலை, நீதிமன்றம் அனுப்பிய நிபுணர் வருகிறார். பெயர் குவால்தி, இன்ஜினியர். வெடித்த குழலையும் கொண்டு வருகிறார். அவர் எழுதுகிற எழுத்தில் துல்லியோவின் பட்டறை நிற்கும், அல்லது மூடும்.

"அப்பா, இன்னிக்கு ஒரு நாள் வகுப்பை நிறுத்திடலாமே."

எவாரிஸ்தோ கிளப்பின் மதுக்கூடத்தில் நின்றபடி காப்பியில் சோம்புச் சாராயத்தை ஊற்றிக்கொண்டிருந்தார். "எதுக்கு?"

"சாயங்காலம் அந்த இன்ஜினியர் வர்றார்."

"வரட்டும். கதவைச் சாத்தினா தப்பு செஞ்சவன் மாதிரி ஆயிடும். ஜனங்க வந்தாச்சு. போய் சொல்லிக் குடு."

"துல்லியோவும் வர்றான்."

அவர் கோப்பையை ஒரே மூச்சில் கவிழ்த்தார். "அவன் இன்ஜினியரைப் பாக்க வர்றான். என்னை இல்ல."

கழுத்துச் சங்கிலியில் தொங்கிய, துப்பாக்கி பூட்டி வைக்கும் இரும்பு அலமாரியின் சாவியைச் சட்டைக்குள் தள்ளிக்கொண்டு, தட்டு வீசும் பள்ளத்தைப் பார்க்க நடந்தார். இடது தோள் கொஞ்சம் தொங்கியிருந்தது. வசந்த காலத்தில் தோளில் அறுவை நடந்ததிலிருந்து அப்படித்தான். அதற்குப் பிறகு யார் முன்னாலும் அவர் துப்பாக்கியைத் தூக்கவில்லை. கேட்டால், "மைதானத்தை நடத்தறவனுக்குச் சுட நேரம் ஏது" என்பார்.

*

புதியவர்கள் முதல் மேடைக்குப் பின்னால் வரிசையாக நின்றார்கள். பாதிப்பேர் தப்பான செருப்பு. ஒருத்தி வெள்ளைக் கோட்டு. நடுவில் மருந்துக் கடை க்ளேலியா, அறுபதைத் தாண்டியவள், இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு.

"நீங்க எதுக்குக்கா வந்தீங்க?" என்றாள் நீவெஸ்.

"என் புருஷன் முப்பது வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சுடப் போறேன் சுடப் போறேன்னு போனார். அப்படி என்ன இருக்குன்னு பாக்க வந்தேன். அவர் இங்கதான் வந்தாரான்னும் தெரிஞ்சுக்கலாம்."

சிரிப்பு எழுந்தது. நீவெஸும் சிரித்திருக்க வேண்டும். முடியவில்லை.

ஆரஞ்சு வட்டு ஒன்றைத் தூக்கிக் காட்டினாள்.

"இதுக்குப் பேர் தட்டு. களிமண் தட்டும்பாங்க. களிமண் ஒரு துளி கிடையாது. சுண்ணாம்புத் தூளும் தாரும். கை தவறி விழுந்தா உடையும். ஆனா தோட்டாவோட ஈய ரவை பட்டும் சில சமயம் உடையாம போகும்."

"என் புருஷன் மாதிரி."

"கண்ணுக்குத் தெரியற மாதிரி ஒரு துண்டாவது உதிரணும். அப்பதான் அடிச்ச கணக்கு. புழுதி கிளம்பினா மட்டும் போதாது. நடுவர் பூஜ்யம்னு கத்திடுவார்."

மேடைகளுக்கு முன்னால் இருந்த பள்ளத்தைக் காட்டினாள். உள்ளே வீசு இயந்திரங்கள் வரிசையாக. ஒவ்வொரு மேடைக்கு முன்னாலும் ஒரு மைக். "நீங்க கத்துவீங்க. அந்தக் கத்தல்தான் இயந்திரத்தைத் தட்டி விடும். எந்தப் பக்கம் பறக்கும்னு உங்களுக்குத் தெரியாது."

"என்னன்னு கத்தணும்?"

"உங்க இஷ்டம். எங்க அப்பா 'ஹா'ன்னுவார். என் வீட்டுக்காரர் இருமற மாதிரி ஒரு சத்தம்." நிறுத்தினாள். "சுட்டுக்கிட்டிருந்தப்போ."

பிறகு துப்பாக்கி. மடித்துத் திறந்து, கைமேல் தொங்கவிட்டுக் காட்டினாள். "இப்படித்தான் நடக்கணும். எப்பவும் திறந்து. காலியா இருக்குன்னு எதிர்ல வர்றவனுக்குத் தெரியணும். மூடின துப்பாக்கியோட யாராவது நடந்தா, அவங்க நேரா காருக்கு நடக்கலாம்."

கட்டை தோளில் எங்கே உட்கார வேண்டும், கன்னம் எங்கே ஒட்ட வேண்டும், ஒன்றின்மேல் ஒன்றாய் இரண்டு குழல் எதற்கு என்று சொன்னாள். முதல் குண்டு தவறினால் இரண்டாவது. குழலின் வாய் ஏன் சுருங்கியிருக்கிறது என்று வெள்ளைக் கோட்டு கேட்டாள்.

"தோட்டத்துக் குழாயை விரலால அடைச்சா தண்ணி தூரமா பீய்ச்சுமில்ல, அதுதான். ரவை சிதறாம கொஞ்ச தூரம் சேர்ந்தே போகும்."

காதுக்குக் காப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. எல்லாம் முடிந்து தோட்டாவுக்கு வந்தாள். ஒரு சிவப்புத் தோட்டாவை விரலிடுக்கில் பிடித்தாள்.

"இது பன்னிரண்டு. இந்த மைதானத்துல இதைத் தவிர வேற எதுவும் கிடையாது." பின்னால் பலகையைக் காட்டினாள். பெரிய எழுத்தில்: பன்னிரண்டு மட்டும். "இருபதுன்னு ஒண்ணு உண்டு. மெலிசு. உலகம் முழுக்க அது மஞ்சள். மஞ்சளைப் பார்த்தா தொடாதீங்க. என்கிட்ட சொல்லுங்க."

"இருபது பெருசில்லையா? எண்ணு பெருசா இருக்கே."

"தலைகீழ்க்கா. எண்ணு ஏற ஏற குழல் சின்னதாகும். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு உருண்டையா உருட்டினா உருண்டை பெருசு, இருபதா உருட்டினா சின்னது. அந்தக் கணக்கு."

"சரி, சின்னதுன்னா என்ன ஆபத்து? பன்னிரண்டு குழல்ல போட்டா ஓட்டை வழியா அந்தப் பக்கம் விழுந்துடும். அவ்வளவுதானே?"

இந்தக் கேள்வியை எல்லா வகுப்பிலும் யாராவது கேட்பார்கள். பதில் நீவெஸுக்குத் தூக்கத்திலும் வரும். வந்தது.

"விழுந்தா பரவாயில்லையே. விழாது. உள்ள வழுக்கிப் போய், குழல் குறுகற இடத்துல விளிம்பு மாட்டி நின்னுக்கும். வெளியிலேர்ந்து தெரியாது. நீங்க விசையை இழுப்பீங்க. வெறும் க்ளிக். திறந்து பார்ப்பீங்க. அறை காலி. அட, போட மறந்துட்டோம்னு நினைச்சு ஒரு பன்னிரண்டைப் போட்டு மூடி, மறுபடி..."

அவள் நின்றுவிட்டாள்.

ஆஸ்பத்திரியில், மயக்கம் தெளியும் நேரம், மொரேனோ உளறியது. அவளும் அப்பாவும்தான் பக்கத்தில் இருந்தார்கள். 'முதல்ல க்ளிக்னுதான் வந்துச்சு. தொறந்தேன். காலி. போட மறந்துட்டேன் போல.' அப்பா அவன் நெற்றியில் கை வைத்து, "மருந்து பேசுது. தூங்க விடு" என்றார்.

"மறுபடி?" என்றாள் க்ளேலியா.

"மறுபடி சுட்டா, முன்னால அடைப்பு. குழல் கிழியும்."

மூன்று வாரத்துக்கு முந்தின கதை எல்லோருக்கும் தெரியும். வெள்ளைக் கோட்டு தன் கையைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

இங்கே மஞ்சள் கிடையாது என்று நீவெஸ் தனக்குச் சொல்லிக்கொண்டாள். அப்பாவின் சட்டம். இருபதைப் பற்றி அவர் வாயில் ஒரே பெயர்தான்: பொம்பளைக் குச்சி. யாராவது ஒன்றைக் கொண்டுவந்தால் வாசலிலேயே கேலி செய்து காருக்குத் திருப்பி அனுப்புவார். ஊரில் அது ஒரு வேடிக்கை.

*

அடுத்தது கண் சோதனை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரல்களால் சின்ன முக்கோணம் பண்ணி, தூரத்துக் கொடிமரத்தை அதற்குள் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு கையை மெதுவாக முகத்துக்குக் கொண்டுவர வேண்டும். கை எந்தக் கண்ணுக்குப் போகிறதோ அதுதான் ஆளும் கண். துப்பாக்கி அந்தத் தோளில்தான்.

எல்லோருக்கும் வலது. க்ளேலியாவின் கை இடது கண்ணுக்குப் போயிற்று.

"இன்னொரு தடவை பண்ணுங்க."

மறுபடியும் இடது.

"நான் சோத்துக் கையில எழுதறவ!"

"எழுதறது கை. குறி பார்க்கிறது கண்ணு. நீங்க இடது தோள்ல வச்சுத்தான் சுடணும்."

"அறுபது வருஷமா எனக்கே தெரியாம இடது பக்கம் சாய்ஞ்சிருக்கேன். எங்கப்பாவுக்குத் தெரிஞ்சா செத்திருப்பார். அவர் வலதுசாரி."

இடது தோளில் மெத்தை தைத்த சட்டை கிளப்பில் ஒன்றுதான். சாமான் அறையில் கடைசி ஆணியில் தொங்கும். அதைப் போடுகிறவர்கள் இரண்டே பேர். எவாரிஸ்தோ, மொரேனோ. கல்யாணத்துக்கு முன்னால் மொரேனோவை அப்பாவுக்குப் பிடித்துப்போன காரணமே அதுதான். "கடைசியில வீட்டுக்கு ஒரு இடதுகாரன் வந்தான்."

வெடித்த அன்றும் மொரேனோ அதைத்தான் போட்டிருந்தான். ரத்தமாகிவிட்டது. இரண்டு நாள் கழித்து நீவெஸ் வந்து பார்த்தபோது அது துவைத்துக் காயப்போட்டிருந்தது. அப்பா துவைத்திருந்தார். வாழ்க்கையில் ஒரு காப்பிக் கோப்பையைக் கழுவாத மனிதர். அன்று அவளுக்கு அழுகை வந்தது. மருமகன்மேல் இவ்வளவு பாசமா என்று.

சட்டையை எடுத்து வந்தாள்.

"போடறதுக்கு முன்னாடி எப்பவும் பையை வெளியே இழுத்துப் பார்க்கணும்," என்றாள், பழக்கத்தில். "உங்களுக்கு முன்னாடி யார் போட்டாங்க, என்ன விட்டுட்டுப் போனாங்கன்னு தெரியாது."

பையை வெளியே இழுத்தாள். காலி. ஆனால் பையின் அடித் தையல் விட்டிருந்தது. உள்துணிக்குள் ஏதோ கட்டையாக நெருடியது. விரலால் தள்ளித் தள்ளி, ஓட்டை வரைக்கும் கொண்டு வந்தாள். கீழே விழுந்தது. உருண்டு க்ளேலியாவின் செருப்பில் நின்றது.

தண்ணீரில் ஊறிக் காய்ந்ததில் பித்தளை பச்சை பூத்திருந்தது. எழுத்து அழிந்திருந்தது. நிறம் அழியவில்லை.

"மஞ்சள்," என்றாள் க்ளேலியா. குனியவில்லை. "தொடக்கூடாதுன்னு சொன்னியே."

"தொடாதீங்க. நான் எடுத்துக்கறேன்."

"நீவெஸ், உன் முகம் சரியில்ல. சர்க்கரை ஏதாவது இருக்கா?"

"வகுப்பு முடிஞ்சுதுக்கா. அடுத்த வாரம் சுடலாம்."

*

எவாரிஸ்தோ பள்ளத்துக்குள் இருந்தார். இயந்திரங்களுக்குத் தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார், வலது கையால் மட்டும். தலைக்கு மேலே சிமென்ட் கூரை, கால் கீழே உடைந்த ஆரஞ்சுச் சில்லு. அவள் இறங்கி வந்தது சில்லு நொறுங்கும் சத்தத்தில் தெரிந்தது.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினாள்.

அவர் பார்த்தார். ஒரு தட்டை எடுத்தார், வைத்தார். "எங்க இருந்துச்சு?"

எது என்று கேட்கவில்லை. யாருடையது என்று கேட்கவில்லை. எங்கே என்றுதான் கேட்டார். நீவெஸுக்கு அது போதும்.

"உள்துணிக்குள்ள. நீங்க துவைச்சும் வெளியே வரல."

அவர் அடுத்த தட்டுக்குக் கை நீட்டினார்.

"திங்கட்கிழமை. மைதானம் மூடியிருக்கும். வீட்டுக்கு சத்தம் கேக்கும், மெலிசா. கேட்டா மைக்கைச் சோதிக்கிறேன்னுவீங்க. பொம்பளைக் குச்சியை வச்சு சுட்டுக்கிட்டிருந்தீங்க."

"பன்னிரண்டு தோளை உதைக்குது. டாக்டர் கூடாதுன்னுட்டான்." அவர் இன்னும் தட்டைத்தான் பார்த்தார். "சுடாம இருக்க முடியல."

"சுடுங்க. யார் வேண்டாம்னது? எல்லார் முன்னாடியும் சுட வேண்டியதுதானே!"

"முப்பது வருஷமா வாசல்ல நின்னு ஊரையே கேலி பண்ணியிருக்கேன். என்னன்னு சுடறது?"

நீவெஸ் அவரைப் பார்த்தாள். தோள் வலி. வெட்கம். பையில் மறந்துபோன ஒன்றிரண்டு தோட்டா. அடுத்த நாள் அதே பையில் கையை விட்டு, பார்க்காமல் எடுத்துப் போட்ட மொரேனோ. இவ்வளவுதான் விஷயம். இவ்வளவுக்குத்தான் இரண்டு விரல்.

"எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

"வேணாம் விடு."

"எப்ப?"

"அவன் க்ளிக்னு சொன்னப்போ."

"அன்னிக்குத்தான் துல்லியோவை வெளியே அனுப்பினீங்க."

காற்று பள்ளத்தின் வாயில் ஊதிக்கொண்டிருந்தது, காலிப் புட்டியில் ஊதுகிற மாதிரி.

"அவன் சின்னவன்," என்றார் கடைசியில். "வடக்கே போனா எந்தத் துப்பாக்கிக் கம்பெனிலயும் வேலை குடுப்பாங்க. எனக்கு இந்த மைதானம் போச்சுன்னா என்ன இருக்கு? உனக்கு என்ன இருக்கு? மொரேனோ மாவு பிசைஞ்சு சோறு போடப் போறானா? மைதானத்து முதலாளியே, தான் தடை பண்ணின தோட்டாவைக் கொண்டாந்தான்னு தெரிஞ்சா, போலீஸ்காரன் உரிமத்தைப் பிடுங்கிட்டுக் கேஸ் போடுவான். கேட்டைப் பூட்டுவான்."

"குழலை வெடிக்க வச்சவன்னு பேர் வாங்கினவன்கிட்ட எவன்ப்பா துப்பாக்கியைக் குடுப்பான்? வடக்கே என்ன, எங்கயும் குடுக்க மாட்டான்."

"சத்தமா பேசாத."

"நான் அவனைப் பார்த்து என்ன சொன்னேன்னு உங்களுக்குத் தெரியும். பக்கத்துலதான் நின்னீங்க. வாயைத் திறக்கல."

"ஒரு தோட்டாவை வச்சுக்கிட்டு என்ன நிரூபிச்சிடுவ?"

"கண்ணுக்குத் தெரியற ஒரு துண்டு போதும்ப்பா. நீங்க சொல்லிக் குடுத்ததுதான்."

எவாரிஸ்தோ தட்டுப் பெட்டியின்மேல் உட்கார்ந்தார். அவரை அவள் உட்கார்ந்து பார்த்ததே குறைவு. முகத்தை வலது கையால் தேய்த்துக்கொண்டார். தேய்த்து முடித்தபோது கொஞ்சம் வேறு ஆளாக இருந்தார்.

"சரி. இன்ஜினியர்கிட்ட சொல்லிடறேன்."

"நிஜமா?"

"முதல்ல மொரேனோகிட்ட சொல்லணும். அவன் கைதானே போச்சு. நானே போய் அவனைக் கூட்டிட்டு வர்றேன். கார்ல சொல்லிக்கறேன். நீ வராத. ஆம்பளையும் ஆம்பளையும் பேசிக்கறோம்."

நியாயமாகப் பட்டது. அவள் வழிவிட்டாள். அவர் படியேறும்போது கைகூடக் கொடுத்தாள்.

*

மாலை வெயில் மதுக்கூட மேசையில் நீளமாக விழுந்திருந்தது. இன்ஜினியர் குவால்தி ஒல்லியான மனிதர், இருமல்காரர். குழலைத் துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார். பிரித்து மேசையில் வைத்தார். மேல் குழல் முழுசு. கீழ்க் குழல் வாழைப்பழத் தோல் மாதிரி பிளந்து விரிந்திருந்தது.

துல்லியோ கதவோரம் நின்றான். உட்காரச் சொல்ல யாரும் இல்லை, அவனும் எதிர்பார்க்கவில்லை. தாடி விட்டிருந்தான்.

"உக்காருடா," என்றாள் நீவெஸ்.

அவன் திரும்பிப் பார்த்தான். "பரவால்லக்கா. நின்னே பழகிடுச்சு."

அப்பாவும் மொரேனோவும் சேர்ந்து வந்தார்கள். கார் நெடுநேரம் வெளியே நின்ற பிறகே கதவு திறந்தது என்பதை நீவெஸ் ஜன்னல் வழியாகப் பார்த்திருந்தாள். மொரேனோவின் முகம் வெளுத்திருந்தது. சொல்லிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தாள். அவன் பக்கத்தில் போய் நின்று, கட்டுப்போட்ட கையின் முழங்கையைத் தொட்டாள். அவன் கையை விலக்கவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

குவால்தி துல்லியோவிடம் கேட்டார், எவ்வளவு கடைந்தாய், எந்தக் கருவி, எங்கே நிறுத்தினாய். துல்லியோ சொன்னான். சுருக்கமாக, தரையைப் பார்த்து. குவால்தி தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை.

"சுவர்ல இரும்பு மெலிஞ்சதா தெரியல," என்றார். "அதனால வேற ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு. இந்த மைதானத்துல இருபது யாராவது சுடறாங்களா?"

நீவெஸ் அப்பாவைப் பார்த்தாள்.

எவாரிஸ்தோ ஜன்னலுக்கு வெளியே தெரிந்த பலகையைக் காட்டினார். "படிக்கத் தெரியுமில்ல? பன்னிரண்டு மட்டும்."

"ஒருத்தர்கூட இல்ல?"

"என் காலத்துல இல்ல."

காத்திருந்தாள். அவர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான்.

நீவெஸ் மேசைக்குப் போனாள். பையிலிருந்து மஞ்சள் தோட்டாவை எடுத்தாள். யாரையும் கேட்காமல், மேசையில் கிடந்த குழலை ஒரு கையால் நிமிர்த்தி, முழுசாக இருந்த மேல் குழலின் பின்வாயில் அதைப் போட்டாள்.

வழுக்கிப் போயிற்று. டக். நின்றது.

அந்த டக் என்னவென்று அறையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தோட்டா நின்ற இடமும், கீழ்க் குழல் கிழிய ஆரம்பித்த இடமும் ஒரே கோட்டில் இருந்தன. துல்லியோ கதவை விட்டு இரண்டு எட்டு முன்னால் வந்தான். அவன் வாய் திறந்திருந்தது.

"எங்க கிடைச்சது?" என்றார் குவால்தி.

"இடது தோள் சட்டையில. உள்துணிக்குள்ள."

"அந்தச் சட்டையை யார் போடுவாங்க?"

நீவெஸ் வாயைத் திறந்தாள்.

"என்னுது," என்றான் மொரேனோ.

அவள் திரும்பினாள்.

"அந்தத் தோட்டா என்னுதுதான் சார். திங்கட்கிழமைல யாருக்கும் தெரியாம வந்து சுடுவேன். கை வலிக்குதுன்னு இருபதுக்கு மாறினேன். மாமா திட்டுவார்னு சொல்லல. பையில விட்டது நான்தான். துல்லியோ மேல தப்பு இல்ல. மாமா மேலயும் இல்ல."

குரலில் தடுமாற்றம் இல்லை. மொரேனோ ஒரு கடைக்குப் போய் உப்பு கேட்டால்கூட நடுவில் நிறுத்தி யோசிக்கிறவன். இது ஒப்பித்த குரல்.

துல்லியோ தன் மச்சானைப் பார்த்துக்கொண்டு நின்றான். விடுதலையானவன் முகம் அப்படி இருக்காது.

நீவெஸ் அப்பாவைப் பார்த்தாள். அவர் முகத்தில் ஆச்சரியம் இல்லை. ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார், யாரோ ஒருவர் கணக்காகச் சுட்டதைக் கேட்ட நடுவர் மாதிரி. கார் ஏன் அவ்வளவு நேரம் நின்றது என்று அவளுக்குப் புரிந்தது. மைதானத்தை மொரேனோ பேருக்கு எழுதும் பத்திரத்தில் நோட்டரி இன்னும் கையெழுத்து வாங்கவில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

குவால்தி இருமினார். குழலைச் சாய்த்து மஞ்சள் தோட்டாவைத் தட்டி எடுத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"சரி. திங்கட்கிழமை சுட்டீங்க." மொரேனோவைப் பார்த்தார். "அந்த இருபது துப்பாக்கி எங்க?"

மொரேனோவுக்கு இந்தக் கேள்விக்குப் பதிலை யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அவன் மாமாவைப் பார்த்தான். எவாரிஸ்தோவின் கை, அவருக்கே தெரியாமல், கழுத்துச் சங்கிலியில் தொங்கிய அலமாரிச் சாவிக்குப் போயிற்று.